வசனம் கேட்காமல் எழுந்துபோன கூட்டம்: ஒரு பங்குக் கோயிலின் ஐந்து சனிக்கிழமைப் படக்காட்சிகள்

மதுரைக்கு அருகே சோழவந்தான் பக்கம், வைகைப் பாசனத்து ஊர் ஒன்றின் கத்தோலிக்கப் பங்குக் கோயில் இது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவை அன்பியம் என்பார்கள். அந்த அன்பியக் கூட்டங்களுக்கு ஆள் வருவது குறைந்துகொண்டே போனது. அதைப் பார்த்த பங்குப் பேரவை, தை கடைசியில் தொடங்கி ஐந்து சனிக்கிழமை மாலைகளில் ஊருக்கெல்லாம் பொதுவாக, காசு வாங்காமல் படம் காட்டுவது என்று முடிவுசெய்தது. முதல் சனிக்கிழமை கோயிலுக்குள் உட்கார இடமில்லை. இடைவேளை விட்டபோது பாதிப் பேர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வாரம் முன்வரிசைப் பிள்ளைகளைத் தவிர அதிகம் பேர் இல்லை. மூன்றாம் வாரம் காட்சி கோயில் முற்றத்துக்கு மாறியது. போனவர்கள் திரும்ப வந்தார்கள், கடைசி வாரம் வரை வந்தார்கள். புரொஜெக்டர் அதே புரொஜெக்டர்தான், படத்தைத் தேர்ந்தெடுத்தவர்களும் அதே ஆட்கள்தான். மாறியவற்றுள் பெரியது ஒலி. இந்த ஆய்வின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே.

கோயிலில் படம் காட்ட நினைக்கிறவர்கள் பெரும்பாலும் திரை, புரொஜெக்டர், வெளிச்சம் என்றே யோசிக்கிறார்கள். பணமும் அங்கேதான் போகிறது. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் புரியாவிட்டால் பத்து நிமிடம் தாங்காது. 1905-இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படத்தையும் விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கொட்டகை போட்டுக் காட்டினார். தமிழ்நாட்டில் சலனப்படம் ஊர் சுற்றத் தொடங்கிய கதையே இப்படி இயேசு கதையோடு தொடங்குகிறது. ஆனால் அவர் காட்டியது ஊமைப்படம். இன்று நாம் பெட்டியில் கொண்டுவருவது பேசும் படம். கோயில் கட்டடத்தோடு அது ஒத்துப்போவதில்லை.

கோயிலுக்குள் நடந்தது என்ன

கோயிலின் உள்ளளவு 80 அடி நீளம், 30 அடி அகலம், 25 அடி உயரம். சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், கல் தரை, வளைந்த கூரை. துணி, மெத்தை, மரப்பலகை என்று ஒலியைக் குடிக்கக்கூடிய எதுவும் இல்லை. நடுவில் நின்று ஓங்கி ஒரு கை தட்டினால் சத்தம் அடங்க மூன்று விநாடிக்கு மேல் ஆகிறது. பாட்டுக்கு இது அருமையான இடம். நீளமாக இழுத்துப் பாடும் ஒரு வரி, அடுத்த வரிக்கு மேல் போர்வைபோல் படிந்து நிற்கும். சாதாரணப் பேச்சில் ஒரு விநாடிக்கு ஐந்தாறு அசைகள் வருகின்றன. மூன்று விநாடி எதிரொலி என்றால், இப்போது பேசும் சொல்லின் மேல் ஏற்கெனவே பேசிய பதினைந்து அசைகளின் மிச்சம் விழுகிறது. பிரசங்கத்தில் இது தெரிவதில்லை. பழகிய பங்குத்தந்தை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். படத்தில் யாரும் நமக்காக நிறுத்திப் பேசுவதில்லை.

படக்காட்சிக்கு முன்னோட்டமாக எந்தக் கோயிலிலும் இதைச் செய்துபார்க்கலாம். ஆள் இல்லாத நேரத்தில் கைதட்டி, கைப்பேசியின் விநாடி எண்ணியில் பாருங்கள். ஒன்றரை விநாடிக்குள் அடங்கினால் உள்ளே காட்டலாம். இரண்டைத் தாண்டினால் வெளியே போவதே மேல். கூட்டம் நிறைந்தால் உடலும் உடையும் கொஞ்சம் ஒலியைக் குடிக்கும், அதனால் எதிரொலி ஓரளவு குறையும். மூன்று விநாடியை அது ஒன்றாக்கிவிடாது.

இரண்டாவது கோளாறு ஒலிபெருக்கிகள் இருந்த இடம். திருப்பலிக்காக (பூசைக்காக) இருபுறச் சுவர்களிலும் இருபது அடிக்கு ஒன்றாகக் காலம் ஸ்பீக்கர்கள், அதாவது தூண்போல் நீண்ட ஒலிபெருக்கிகள், ஏற்கெனவே இருந்தன. படத்தின் ஒலியையும் அவற்றிலேயே விட்டார்கள். மதுரை வெப்பத்தில் ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகும், அதாவது ஓரடிக்கு ஒரு மில்லி விநாடிக்குச் சற்றுக் குறைவு. அறுபதடி தள்ளி உட்கார்ந்தவருக்குப் பக்கத்துச் சுவர் ஸ்பீக்கரின் சத்தம் உடனே வருகிறது, பீடத்துக்குப் பக்கத்து ஸ்பீக்கரின் சத்தம் 52 மில்லி விநாடி கழித்து வருகிறது. பேச்சில் 50 மில்லி விநாடியைத் தாண்டினால் காது அதைத் தனிச் சத்தமாகப் பிரித்துக் கேட்கத் தொடங்கும். பின்வரிசையில் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை விழுந்ததற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவதை யாரும் முதலில் கண்டுபிடிக்கவில்லை. பாட்டும் சண்டையும் காதைப் பிளந்தன, வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது. படக் கோப்பின் ஒலி ஆறு தடங்களில் இருந்தது. அப்படிப்பட்ட கோப்பில் வசனம் பெரும்பாலும் நடுத் தடத்தில் இருக்கும். மடிக்கணினியிலிருந்து இரண்டு தட ஒயர் வழியாக எடுக்கும்போது, மென்பொருள் நடுத் தடத்தை இரண்டு பக்கமும் சரியாகக் கலக்காவிட்டால் வசனம் அடிபட்டுப் போகும். தீர்வு எளிது. படம் இயக்கும் செயலியின் ஒலி அமைப்பில் ஸ்டீரியோ என்று தேர்ந்தெடுத்து, வசனக் காட்சி ஒன்றையும் பாட்டுக் காட்சி ஒன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு, இரண்டுக்கும் சத்தம் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமையே பார்த்துவிட வேண்டும். கூட்டம் உட்கார்ந்தபின் மெனுவில் தேடினால் கை நடுங்கும்.

"சவுண்ட கூட்டுங்க தம்பி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது, தம்பியும் கூட்டினார். கூட்டக் கூட்ட மோசமானது. மூடிய கட்டடத்தில் சத்தத்தைக் கூட்டினால் நேராக வரும் ஒலியும் எதிரொலியும் ஒரே அளவில் சேர்ந்து கூடுகின்றன. புரிதல் அங்குலம்கூட நகர்வதில்லை, காது வலி மட்டும் மிஞ்சுகிறது. இந்த ஒரு விஷயம் புரிந்திருந்தால் இரண்டாவது வாரமே வெளியே வந்திருக்கலாம்.

வெளியே வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பேரவை முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1210-ஆம் பிரிவு, புனித இடத்தில் வழிபாட்டுக்கும் பக்திக்கும் உதவுபவை மட்டுமே நடக்கலாம் என்கிறது. வேறு பயன்பாட்டுக்கு மறைமாவட்டத் தலைமையின் அனுமதி அந்தந்தத் தடவைக்குப் பெற வேண்டும். கோயில்களில் இசை நிகழ்ச்சி நடத்துவது பற்றி வத்திக்கான் 1987-இல் அனுப்பிய மடல், நற்கருணையை (திருப்பலியில் புனிதமாக்கப்பட்ட அப்பத்தை) இயன்றவரை வேறு தகுந்த இடத்துக்கு மாற்ற வேண்டும், நுழைவுக்குக் கட்டணம் கூடாது என்று சொல்கிறது. படக்காட்சிக்கும் அதே மரியாதையைக் காட்டுவது முறை. நற்கருணைப் பேழையை மறைத்துத் திரை கட்டி, அதற்கு முன்னால் சுண்டல் தின்பது எந்தப் பெரியவர் மனத்துக்கும் ஒப்பாது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரங்களில், அதாவது அவர்களுடைய பங்குகளில், நடைமுறை வேறு. ஆயரையும் சேகரக் கமிட்டியையும் கேட்டுச் செய்வதே வழக்கம்.

முற்றத்தில் திரை

கெபிக்கும் (குகைபோல் கட்டிய மாதா சிற்றாலயம்) கொடிமரத்துக்கும் இடையில் 50 அடிக்கு 40 அடி காலி மண் தரை. ஏறத்தாழ நூற்றைம்பது பேர் உட்காரலாம். திரை 12 அடி அகலம், 6¾ அடி உயரம். 45 அங்குல அகலமுள்ள வெளுத்த கெட்டிக் காடாத்துணி 8 மீட்டர் எடுத்து இரண்டாக வெட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தால் ஓரம் மடிக்கவும் மிச்சம் இருக்கும். மதுரை விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைகளில் இது சாதாரணமாகக் கிடைக்கும். தையல் மடிப்பு பின்பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடிகர் இடுப்பில் ஒரு கோடு ஓடும். திரைக்குப் பின்னால் கறுப்புத் துணி ஒன்று கட்டினால் வெளிச்சம் ஊடுருவிப் போகாது. ஃபிளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்பக்கத்தைத் திரையாக்கும் வழக்கம் உண்டு. அது பளபளப்பது, நடுவில் உட்கார்ந்தவர் கண்ணில் புரொஜெக்டர் விளக்கே பொட்டுப்போல் அடிக்கும்.

14 அடிச் சவுக்குக் கம்பு இரண்டு, தரைக்குள் 2 அடி. திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 4 அடி. பாயில் உட்கார்ந்தவரின் தலை மூன்றடிக்குள் அடங்கும், அதனால் மறைக்காது. துணியின் ஓரத்தில் ஒன்றரை அடிக்கு ஒரு கண்ணி வைத்து, கயிற்றுக்குப் பதில் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிக் கட்டினார்கள். மொத்தம் 25 கட்டு. பருத்தித் துணி பனியில் நனைந்தால் தொய்யும். கயிறு அப்படியே நிற்கும், துணியில் சுருக்கம் விழும். ரப்பர் இழுத்துக்கொண்டே இருக்கும். இந்தச் சின்ன ஏற்பாடு மூன்று வாரமும் திரையைத் தட்டையாக வைத்தது.

காற்றைக் குறைத்து எடைபோடக் கூடாது. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நேராக அடிக்கும் காற்று இந்த அளவுத் திரையின் மேல் சுமார் 45 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். தை, மாசியில் அவ்வளவு வராது. ஆகஸ்ட் 15 விண்ணேற்பு விழாவை ஒட்டிப் படம் காட்ட நினைக்கிறவர்கள், ஆடி தொட்டு வீசும் மேல்காற்றை மனத்தில் வைத்துத் திரையை வடக்கு அல்லது தெற்கு பார்த்து நிறுத்த வேண்டும். அப்போது காற்று திரையின் விளிம்பைத்தான் தொடும். எப்படியானாலும் கம்புக்கு இரண்டு இழுகயிறு, முன்னும் பின்னும். முளைக்குச்சி இரண்டடி ஆழம். கயிற்றில் வெள்ளைத் துணி முடிச்சு. இருட்டில் பிள்ளைகள் கழுத்துயரத்தில் ஓடுவார்கள்.

3,500 லூமென் புரொஜெக்டர் இந்தத் திரைக்குப் போதும், சூரியன் மறைந்து அரை மணி ஆகியிருந்தால். மாசித் தொடக்கத்தில் மதுரைப் பக்கம் 6.25-ஐ ஒட்டி மறைகிறது, ஆகவே 6.55-க்குத் தொடக்கம். வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண புரொஜெக்டர்களுக்குத் திரை அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரம் தேவை. 12 அடிக்கு 18 அடி. அந்த இடம் கூட்டத்துக்கு நடுவில் விழுகிறது. நாலடி உயர மேசை போட்டு, மேசையிலிருந்து திரைவரை மூன்றடி அகலத்துக்கு நடைபாதை விட்டு, இருபுறமும் பெஞ்சால் அடைத்தார்கள். முதல் பாய் திரைக்கு 12 அடி தள்ளி. கடைசி நாற்காலி திரை உயரத்தைப் போல் ஆறு மடங்குக்குள், அதாவது 40 அடிக்குள்.

ஊரில் ஒரு பழமொழி உண்டு: தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும். எட்டரை மணிக்கு மேல் நாற்காலிக் கைப்பிடி ஈரமாகும். ஓடிக்கொண்டிருக்கும் புரொஜெக்டர் சூடாக இருப்பதால் அதற்கு ஆபத்து குறைவு. மடிக்கணினி, ஒயர் முனைகள், ஆம்ப்ளிஃபயர் ஆகியவைதான் நனையும். மேசைக்கு மேல் தார்ப்பாயைக் குடைபோல் கட்டி, காற்றுப் போகப் பக்கங்களில் ஓரடி விட வேண்டும். வயல் பக்கம் பூச்சிகள் விளக்கைத் தேடி வரும். கூட்டத்துக்குப் பின்னால் ஐம்பதடி தள்ளி ஒரு டியூப்லைட்டை எரியவிட்டால் பாதிப் பூச்சி அங்கே போய்விடும்.

ஒலியும் மின்சாரமும்

முற்றத்தில் இரண்டு காலம் ஸ்பீக்கர், தலா 40 வாட், திரையின் இருபுறமும் 9 அடி உயரத்தில், முகம் கடைசி வரிசையைப் பார்த்துச் சற்றுக் குனிந்தாற்போல். முன்வரிசையின் தலைக்கு மேலே சத்தம் போய்விடுவதால் முன்னால் இருப்பவருக்குக் காது வலிக்காது, பின்னால் இருப்பவருக்குக் குறையாது. 40 அடி ஆழத்துக்கு நடுவில் கூடுதல் ஸ்பீக்கர் வேண்டாம். நடுவில் வைத்தே ஆக வேண்டுமானால் தூரத்துக்கேற்ற தாமதம் கொடுக்கும் மிக்சர் (ஒலி கலக்கும் கருவி) வேண்டும். 30 அடிக்கு 26 மில்லி விநாடி.

சவுண்ட் சர்வீஸ்காரர்கள் அன்போடு பேஸ் பாக்ஸ் கொண்டுவந்து இறக்குவார்கள். திருவிழாவுக்கு அது சரி. வசனத்தை வசனமாக்குவது மெய்யெழுத்துகளின் ஒலி, அது இருக்கும் இடம் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ். பேஸ் அதை மூடிவிடும், பக்கத்துத் தெருவுக்கும் அதுதான் முதலில் போய்ச் சேரும். பேஸ் திருகியை இடப்பக்கம் திருப்பி, ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். புளூடூத் ஸ்பீக்கரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. ஒலி பின்தங்கி வரும், உதடு ஒரு பக்கம் சொல் ஒரு பக்கம் ஆகும்.

மூன்றாம் வாரம் வந்த கோளாறு ஊம் என்ற ஓயாத சத்தம். மடிக்கணினி கோயில் அறையின் பிளக்கில், ஆம்ப்ளிஃபயர் மேடைப் பக்கப் பிளக்கில். இரண்டு வெவ்வேறு எர்த் சேரும்போது ஒலி ஒயர் வழியாக 50 ஹெர்ட்ஸ் மின்சாரச் சத்தம் நுழையும். சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தார்கள், சத்தம் நின்றது. நோய் எங்கே என்று தெரிந்தது. எல்லாக் கருவியையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சேர்த்ததும் முடிந்தது. அந்த எக்ஸ்டென்ஷன் 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கம்பிச் செம்பு ஒயர், நூறடி, தொடக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான். ஈர மண்ணில் வெறுங்காலோடு பிள்ளைகள் உட்காரும் இடம், இதில் சிக்கனம் கூடாது. புரொஜெக்டருக்குத் தனியாக 1 கே.வி.ஏ. யு.பி.எஸ். கரண்ட் போனால் படம் ஓட வேண்டும் என்பதற்காக அல்ல. விளக்குள்ள புரொஜெக்டரின் விசிறி திடீரென நின்றால் சூட்டில் விளக்கு கெடும், ஆறி அணைய இரண்டு நிமிடம் வேண்டும்.

எச்.டி.எம்.ஐ. ஒயர் 10 மீட்டருக்கு மேல் போனால் படம் விட்டுவிட்டு வரும். மடிக்கணினியை புரொஜெக்டர் மேசையிலேயே வைத்து, நீள ஒயரை ஒலிக்கு விடுவதே நல்லது. விமானப் பயன்முறை போட மறக்கக் கூடாது. உருக்கமான காட்சியில் பன்னிரண்டடித் திரையில் வாட்ஸ்அப் செய்தி வருவதை ஊரே படிக்கும்.

அனுமதிகள்

இதில்தான் நல்ல மனத்தோடு தவறு செய்கிறார்கள். "காசு வாங்கவில்லை, கோயில் நிகழ்ச்சி, சட்டமே விலக்குத் தருகிறது" என்பார்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில், கட்டணமில்லாத பார்வையாளருக்கோ சமய நிறுவனத்தின் நலனுக்கோ தொழில்முறை சாராத குழு நிகழ்த்துவதற்கு விலக்குத் தருவது உண்மை. அந்த விலக்கு இலக்கிய, நாடக, இசைப் படைப்புகளுக்கு. பங்கு இளையோர் நாடகம் போட்டால் அதில் அடங்கும். திரைப்படம் அதில் இல்லை. வீட்டுக்கு எடுத்த ஓடிடி சந்தாவிலும் ஊருக்குக் காட்ட உரிமை இல்லை.

ஆகவே வழி மூன்று. தயாரிப்பாளர் அல்லது உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்துமூலச் சம்மதம்: படத்தின் பெயர், இடம், தேதி, எத்தனை பேர், கட்டணம் இல்லை என்ற உறுதி, எந்த வடிவில் காட்டப்போகிறோம் என்பதெல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும், ஆறு வாரம் முன்னால் அனுப்ப வேண்டும். இரண்டாவது, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து எண்ணி 60 ஆண்டு முடிந்த பழைய படங்கள். படத்தின் உரிமை முடிந்தாலும், பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் இறந்து 60 ஆண்டு வரை நிற்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மூன்றாவது, குறும்பட, ஆவணப்பட இயக்குநர்கள். மதுரையில் கேட்டால் மகிழ்ந்து கொடுப்பவர்கள் உண்டு, நேரில் வந்து பேசவும் செய்வார்கள். இந்தத் தொடரில் அதிகப் பேச்சு நடந்தது அப்படி ஒரு மாலையில்தான்.

தணிக்கைச் சான்றிதழ் பார்க்க வேண்டும். 2023 திருத்தத்துக்குப்பின் யு/ஏ வகை 7, 13, 16 வயது என்று பிரிந்துவிட்டது. பாயில் ஐந்து வயதுக் குழந்தைகள் இருப்பார்கள் என்பதால் யு சான்றிதழே பாதுகாப்பு. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் படம் காட்டும் இடத்துக்கு உரிமம் கேட்கிறது, எனவே இலவசக் காட்சியானாலும் ஆட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி தனி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10-க்கு மேல் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல். வளாக எல்லையில் அதற்கு மேல் 10 கூடலாம், அதாவது 65. கைப்பேசிச் செயலி தோராயமாகத்தான் காட்டும், ஆனாலும் மதில் ஓரம் நின்று பார்த்துவிட வேண்டும்.

நேரமும் வயிறும்

இரண்டரை மணி நேரப் படம் இந்த வேலைக்கு ஆகாது. 105 நிமிடத்துக்குள் அடங்கினால் 6.55-க்குத் தொடங்கி, பத்து நிமிட இடைவேளை விட்டு, 8.50-க்கு முடியும். கடைசி டவுன் பஸ், பனி, கைக்குழந்தை மூன்றுக்கும் அது பொருந்தும். இடைவேளையை 7.40-ஐ ஒட்டி வைத்தார்கள், பக்கத்துத் தெருப் பள்ளிவாசலின் இஷா பாங்கு (இரவுத் தொழுகைக்கான அழைப்பு) அந்த நேரத்தில் வரும். ஒலியை நிறுத்தியிருப்பதைக் கவனித்த அந்தத் தெருக்காரர்கள் நான்காம் வாரம் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். சனிக்கிழமைகளை எண்ணும்போது தேர்வுக் காலமும் பார்க்க வேண்டும். மார்ச்சில் பொதுத்தேர்வு வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு படிக்கிற பிள்ளை இருக்கும். சித்திரைத் திருவிழா சமயத்தில் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எதையுமே வைக்காதிருப்பது நல்லது.

ஒவ்வொரு வாரமும் ஓர் அன்பியம் பாய் விரிப்பது, சுண்டல், கூட்டிப் பெருக்குவது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. நூற்றைம்பது பேருக்குக் கொண்டைக்கடலை 6 கிலோ, வெள்ளி இரவே ஊற வேண்டும். தேநீருக்குப் பால் 7 லிட்டர், தண்ணீர் 7 லிட்டர், தேயிலைத் தூள் 300 கிராம், சீனி ஒன்றரைக் கிலோ. நான்காம் வாரம் தேநீருக்குப் பதில் பருத்திப்பால் கொடுத்தார்கள், பனிக்கு அதுதான் பொருத்தம். பெரியவர்கள் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பை தமிழ்நாட்டில் 2019 முதல் தடை, எனவே திருவிழாப் பாத்திர அறையிலிருந்து எவர்சில்வர் டம்ளரும், சுண்டலுக்குத் தொன்னையும்.

கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு எரிந்தபடியே இருக்க வேண்டும், பக்கத்தில் இரண்டு பெண்கள் நிற்க வேண்டும். இது பேச்சுக்கு இடமில்லாத ஏற்பாடு.

படம் முடிந்ததும் கலந்துரையாடல் என்று அறிவித்தால் கூட்டம் கலையும். டம்ளரைத் திரும்ப வாங்கும் இடத்தில் ஒருவர் நின்று, படத்தில் வந்த ஒரு முடிவைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்த இடத்தில் நீங்களானால் என்ன செய்திருப்பீர்கள்? பத்துப் பேர் நின்று பேசினார்கள், அதில் நான்கைந்து பேர் பல மாதங்களாக அன்பியத்துக்கு வராதவர்கள்.

கடைசிச் சனிக்கிழமை இரவு திரையை அப்படியே மடித்து வைக்கவில்லை. பனி ஈரத்தோடு மடித்தால் பூஞ்சைப் புள்ளி விழும், அடுத்த ஆண்டு எல்லா முகத்திலும் அம்மைத் தழும்பு தெரியும். ஞாயிறு திருப்பலிக்குப்பின் வெயிலில் காயவைத்து, பி.வி.சி. குழாயில் சுற்றி, கெபிக்குப் பின்னால் இருக்கும் அறையின் பரணில் ஏற்றினார்கள். கம்பு நட்ட இரண்டு குழிகளையும் செங்கல் துண்டு போட்டு மூடி, மேலே சுண்ணாம்பு வட்டம் போட்டிருக்கிறது. சைக்கிள் டியூப் பட்டைகள் ஒரு மஞ்சப்பையில், மிக்சரின் திருகி நிலைகளை எழுதிய தாளோடு.